காங்கேயம் பக்கம் ரத்தினச் சுரங்கம் இருந்தது உண்மையா?

கேட்டவர் ஈரோட்டிலிருந்து காங்கேயம் வழியாகத் தாராபுரம் போயிருக்கிறார். வழி நெடுக வேலி போட்ட புல்தரை, நடுநடுவே வேலமரம், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் கூப்பிடு தூரம். "இந்த மண்ணுக்கடியில ஒரு காலத்துல ரத்தினம் எடுத்தாங்க" என்று கூட வந்தவர் சொன்னாராம். அது உண்மையா, உண்மையென்றால் கோலார் தங்கவயல் மாதிரி ஒரு சுரங்க ஊர் ஏன் உருவாகவில்லை, இப்படி வெறும் காடாகக் கிடக்கும் இடத்தில் எத்தனை பேர்தான் வாழ்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி.

கூட வந்தவர் சொன்னது உண்மைதான். நான் அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன், பல வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் "காடு" என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கொங்கு நாட்டில் காடு என்றால் வனம் இல்லை. மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலம் காடு. கிணறு வெட்டித் தண்ணீர் பாய்ச்சுகிற நிலம் தோட்டம். வாய்க்கால் பாய்கிற நிலம் வயல். "எங்களுக்குக் காடு பத்து ஏக்கர், தோட்டம் மூணு ஏக்கர்" என்று ஒருவர் சொன்னால் அவர் குடும்பத்தின் நிலைமை பாதி தெரிந்துவிடும். எங்கே ஆட்கள் நெருக்கமாக இருப்பார்கள், எங்கே சிதறி இருப்பார்கள் என்பதும் இந்த மூன்று சொற்களுக்குள்ளேயே இருக்கிறது.

நீங்கள் பார்த்த புல்தரைக்கு கொறங்காடு என்று பேர். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே வெள்வேல மரம். அதைத் தரிசு என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேய்ச்சலுக்கென்றே பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து வைத்துக் காப்பாற்றிய நிலம் அது. மாட்டைக் காலையில் உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் போதும், வேலி பார்த்துக்கொள்ளும். வேல மரத்துக் காய் மேய்ச்சலுக்கு மேல் தீனி. காங்கேயம் காளை இந்தப் புல்லில் வளர்ந்ததுதான். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைத் தனியாகப் பேணி வளர்த்ததும் இதே மண்ணில்தான்.

ஏன் புல் மட்டும்? மழை அவ்வளவுதான். தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இருக்கிற பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வருவது பெரும்பாலும் காற்று. ஆடி மாதம் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் நின்று பாருங்கள், ஆளைத் தள்ளும். காற்றாலைகள் அங்கே வரிசை கட்டி நிற்பதற்குக் காரணம் அதுதான். ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் உண்டு. வருடத்துக்கு மொத்தம் 600, 700 மில்லிமீட்டர், அதுவும் எல்லா வருடமும் கிடையாது. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே, கரூர் 120 மீட்டரை ஒட்டி. பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் அந்தச் சரிவில் ஓடிக் காவிரியில் சேர்கின்றன. ஆற்றங்கரையை விட்டு நாலு கிலோமீட்டர் தள்ளிப் போனால் சரளை மண், அதற்கடியில் பாறை.

அந்தப் பாறைதான் உங்கள் கேள்விக்கு விடை. அதன் வயது 250 கோடி வருடத்தை ஒட்டி. பூமிக்கடியில் வெந்து, மடிந்து, அழுந்தி, பிறகு மேலே வந்த பாறை. அதில் விழுந்த வெடிப்புகளுக்குள் உருகிய குழம்பு ஏறி, மெதுவாக ஆறி, பெரிய பெரிய படிகங்களாக உறைந்திருக்கிறது. புவியியலார் பெக்மடைட் என்பார்கள். எங்கள் ஊரில் கிணறு வெட்டுகிறவர்கள் வெள்ளை நரம்பு என்பார்கள். வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்), மைக்கா எல்லாம் அந்த நரம்பில் கலந்து இருக்கும். சில இடங்களில், மிகச் சில இடங்களில், அதற்குள் பெரில் என்ற ரத்தினக்கல் இருக்கும். கடல்நீர் நிறத்தில், ஆறு பட்டையாக, பென்சில் சீவி வைத்த மாதிரி.

படியூர் அப்படி ஒரு இடம். காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும் ரோட்டில் பஸ் நிற்கிற சாதாரண ஊர். கம்பெனி ஆட்சியில், 1819, 1820 வாக்கில், ஐரோப்பியர் ஒருவர் அங்கே தோண்டி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களை எடுத்ததாகப் பதிவு இருக்கிறது. ஆனால் அவர் கண்டுபிடித்த இடம் இல்லை அது. அவருக்கு ரொம்ப முன்னாலேயே இந்தக் கல் கப்பலேறி ரோமுக்குப் போயிருக்கிறது. பெரில் இந்தியாவைத் தவிர வேறெங்கும் அரிதாகவே கிடைக்கிறது என்று ரோமானியரான பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார். பெரில் என்ற சொல்லே பிராகிருத மொழியின் "வேளுரிய" என்ற சொல்லிலிருந்து போனதுதான். நம் பழைய வைடூரியம். கொங்கு நாட்டில் வெள்ளலூர், கரூர் என்று பல இடங்களில் ரோமானியக் காசு கிடைத்திருப்பது இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

அந்தக் கல்லைப் பட்டை தீட்டி, துளையிட்டு, மணியாக்கிய ஊர் கொடுமணல். நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் இங்கே அகழாய்வு செய்தது. எ.சுப்பராயலு, கா.ராஜன் ஆகியோரின் உழைப்பு அதில் பெரியது. பிறகு மத்திய, மாநிலத் தொல்லியல் துறைகளும் தோண்டின. கிடைத்ததில் என்னைக் கவர்ந்தது முழு மணிகள் இல்லை. பாதி வேலையில் நின்ற மணிகள். உடைத்த சில்லு, உருட்டிய கல், துளை போட ஆரம்பித்து நடுவில் விரிந்துபோனது, துளை போட்டு மெருகு ஏற்றாதது என்று ஒரு பட்டறையின் தரையை அப்படியே பார்க்கிற மாதிரி. பெரிலும் நீலக்கல்லும் பளிங்கும் பக்கத்துக் காடுகளிலிருந்து வந்தவை. சூதுபவளம் இங்கே விளைகிற கல் இல்லை, குஜராத் பக்கமிருந்து வந்திருக்கிறது. கல்லறைகளில் அந்தச் சூதுபவள மணிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன.

பானை ஓடுகளில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் ஆட்களின் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பெயர்களோடு வடக்கத்திப் பிராகிருதப் பெயர்களும் இருக்கின்றன. வேலை தேடியும் வியாபாரத்துக்கும் வெளியூர் ஆட்கள் நொய்யல் கரைக்கு வருவது திருப்பூர் பனியன் கம்பெனிகளோடு தொடங்கியது என்று நினைக்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். இரண்டாயிரம் வருடத்துப் பழக்கம் அது.

அப்புறம் இரும்பு. கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்திருக்கின்றன, எஃகு செய்த தடயமும் இருக்கிறது. கொங்கு, சேலம் வட்டாரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இந்தத் தொழில் நடந்தது. மண்குகைக்குள் இரும்புத் துண்டையும் ஆவாரங்கட்டையையும் பச்சிலையையும் போட்டு மூடி, துருத்தி ஊதிக் காய்ச்சுவார்கள். மரத்திலிருக்கும் கரி இரும்பில் ஏறி எஃகாகும். உலகமே பேசிய உருக்கு அது. அழிந்ததற்குக் காரணம் ரகசியம் தொலைந்தது என்று பலர் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கரி சுட மரம் குறைந்தது, அரசாங்கம் வனத்துக்குள் விட மறுத்தது, இங்கிலாந்து இரும்பு மலிவாக வந்து இறங்கியது. இந்த மூன்றும் சேர்ந்தால் எந்த உலைதான் எரியும்? இன்றைக்கும் சில ஊர்களில் ஏர் ஓட்டும்போது கருகருவென்று, நுரை உறைந்த மாதிரி துளைத்துளையாக இரும்புச் சிட்டம் மேலே வரும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம்.

சேலம் பக்கத்துக் கதை கொஞ்சம் வேறு. கஞ்சமலையில் இரும்புத் தாது இருப்பது ஊரறிந்த விஷயம். ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830களில் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்துச் சேலத்துத் தாதைக் கொண்டுபோய் உருக்கிப் பார்த்தார், நிலைக்கவில்லை. 1970இல் சேலம் உருக்காலைக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியபோது கஞ்சமலை இரும்பு இனி உருகும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 1980களின் தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பித்தபோது அது துருப்பிடிக்காத எஃகுத் தகடு செய்யும் ஆலையாக இருந்தது, மூலப்பொருள் வெளியிலிருந்து வந்தது. தாதில் இரும்பு அளவு குறைவு. மலையடிவாரத்தில் ஆலை இருந்தும் மலை அப்படியே இருக்கிறது. சேலத்தில் உண்மையிலேயே ஓடிய சுரங்கம் வெள்ளைக்கல் சுரங்கம், அதாவது மேக்னசைட். ஏற்காடு மலைக்கு அடிவாரத்தில் சுண்ணாம்பு பூசின மாதிரி தெரியும் மேடுகள் அவை. எஃகு உலைகளின் உட்சுவருக்கான செங்கல் அதிலிருந்துதான். மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையத்துக்கே கல்லின் பேர் வைத்திருக்கிறார்கள். மதுக்கரையில் 1934 முதல், சங்ககிரியில் 1960களிலிருந்து சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டினார்கள். ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. இவை நவீனச் சுரங்கங்கள், நீங்கள் கேட்ட பழைய கதையோடு சேர்த்தி இல்லை.

ஆனால் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியைச் சொல்லாமல் விட மனமில்லை. அங்கே அனார்த்தோசைட் என்றொரு பாறை இருக்கிறது. நிலாவின் மேட்டுப் பகுதியில் இருக்கும் பாறையும் அந்த வகைதான். சந்திரயான் ஊர்தியைத் தரையில் ஓட்டிப் பார்க்க நிலா மண் வேண்டியிருந்தபோது, இஸ்ரோ சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையை எடுத்துப்போய் அரைத்துத்தான் அந்த மண்ணைச் செய்தது. அமெரிக்காவிலிருந்து வாங்கினால் ஆகியிருக்கும் செலவு மிச்சமானது. சோளக்காட்டுக்கு நடுவில் கிடந்த கல் அது.

சரி, இவ்வளவு இருந்தும் கோலார் மாதிரி ஊர் ஏன் உருவாகவில்லை? கோலாரில் தங்கம் ஒரே நரம்பாக ஆழத்துக்குப் போனது. அதைத் துரத்திக்கொண்டு மூன்று கிலோமீட்டருக்கும் மேல் கீழே போனார்கள். அதற்கு முதலாளி வேண்டும், மின்சாரம் வேண்டும், வருடம் முழுக்கக் கூலிக்கு ஆள் வேண்டும், அவர்களுக்கு வீடு வேண்டும். ஊர் தானாக எழும்பியது. இங்கே கல் அப்படி இல்லை. ஒரு காட்டில் நாலு கல், அடுத்த காட்டில் ஒன்றுமில்லை, அதற்கடுத்த காட்டில் ஒரு பை நிறைய. இது உழவன் கையோடு கையாகச் செய்கிற வேலை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், வெயில் சாய்வாக விழும் நேரத்தில், காட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டு நடப்பார்கள். மண் கழுவிப்போன இடத்தில் பளிச்சென்று ஒன்று மின்னும். பத்தில் ஒன்பது வெறும் வெங்கச்சங்கல். பத்தாவது கல்லை வேட்டி முனையில் முடிந்து வைத்து, சந்தை நாளில் கல் வியாபாரியிடம் காட்டுவார்கள். நான் பொடியனாக இருந்தபோது ஆத்தாவோடு இப்படி நடந்திருக்கிறேன். எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஒன்பது கல்தான்.

பத்தாவது கல் அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்குக் கிடைத்தது, அதுவும் கிணறு வெட்டும்போது. இரண்டடி செம்மண், அதற்குக் கீழே சரளை, அப்புறம் சுக்காங்கல், எட்டாவது அடியில் பாறை. போயர் சமூகத்து ஆட்கள் ஆறு பேர் தமர் போட்டு, வெடி வைத்து, கல்லைக் கூடையில் தூக்கி மேலே கொட்டினார்கள். நாற்பதடியில் வெள்ளை நரம்பு ஒன்று குறுக்கே வந்ததாம். அதில் விரல் நீளத்துக்கு ஒரு நீலக்கல், ஆறு பட்டை, உள்ளே ஒரு விரிசல். விரிசல் இருந்ததால் விலை போகவில்லை. அதை அப்பாரு சாகும்வரை கணக்குநோட்டு பறக்காமலிருக்க மேலே வைத்திருந்தார். அவருக்கு அந்தக் கல்லைவிட, நரம்பை ஒட்டிக் கசிந்த தண்ணீர்தான் பெரிசு. "கல்லு கெடக்குது, ஊத்துக் கண் தொறந்துச்சு பாரு" என்று அந்தக் கதையை முடிப்பார்.

கொங்கு நாட்டு மக்கள்தொகையின் சங்கதி அந்த ஒரு வாக்கியத்தில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. இங்கே ஆட்களைச் சேர்த்தது தண்ணீர். அதனால் ஆற்றங்கரையிலும் வாய்க்கால் பாசனத்திலும் ஊர் ஊராக இருப்பார்கள். காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டு வேலை, அந்தக் கரையில் ஊர்கள் அடுத்தடுத்து இருக்கும். 1955இல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்கால் 2 லட்சம் ஏக்கருக்குத் தண்ணீர் கொண்டுவந்தது, அந்தப் பக்கம் காடு தோட்டமாகி, தோட்டம் வயலாகி, ஆட்கள் பெருகினார்கள். காங்கேயம், மூலனூர், க.பரமத்தி மேட்டில் அது நடக்கவில்லை. அங்கே கிணற்றை விட்டுத் தள்ளிக் குடியிருக்க முடியாது. விடிகாலையில் மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டி, தோல் பறியில் தண்ணீர் இறைக்க வேண்டும். மாடு அங்கே, ஆள் அங்கே. அதனால் வீடும் கிணற்றோரம் போனது. அதைத்தான் தோட்டத்துச் சாலை என்கிறோம். நீங்கள் பார்த்த கூப்பிடு தூரத்து வீடுகள் அவை.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். முழுமையாக வெளிவந்த கடைசிக் கணக்கெடுப்பு 2011. அதன்படி கோயம்புத்தூர் மாவட்டம் 34.58 லட்சம், சேலம் 34.82 லட்சம், திருப்பூர் 24.79 லட்சம், ஈரோடு 22.52 லட்சம், நாமக்கல் 17.27 லட்சம், கரூர் 10.64 லட்சம். ஆறும் சேர்ந்தால் ஏறத்தாழ 1.45 கோடி, தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் மொத்தத்தைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அடர்த்தியைப் பாருங்கள். மாநிலச் சராசரி சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். சேலத்தில் 660க்கு மேல், கோயம்புத்தூரில் 700க்கு மேல். கரூரில் 367தான். ஈரோடும் 400க்குக் கீழேதான், ஆனால் அங்கே சத்தியமங்கலம் வனம் பெரிய பரப்பைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் அந்த எண் ஏமாற்றும். கரூரில் அப்படி வனம் கிடையாது. வறண்ட மேட்டு நிலம் எத்தனை பேரைத் தாங்கும் என்பதற்கு நான் கரூரைத்தான் காட்டுவேன்.

வளர்ச்சியிலும் இதே பிளவு. 2001இலிருந்து 2011க்குள் திருப்பூர் மாவட்டம் 29 சதவீதம் கூடியது, ஈரோடு 12 சதவீதத்தைத் தாண்டவில்லை. திருப்பூரிலும் கூடியது நகரத்தில். காங்கேயத்துக்குத் தெற்கே உள்ள ஊர்களிலிருந்து விடியும் முன்னே கம்பெனி வேன் கிளம்பிவிடுகிறது, திரும்பி வர இரவாகிறது. நிறைய வீடுகளில் ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளையும் படித்துவிட்டு வெளியே. கொறங்காட்டுப் படலைத் திறந்து மூட அறுபது, எழுபது வயதுக்காரர்கள்தான் மிச்சம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆள் இல்லாததால் பல கொறங்காடுகளை விற்றுவிடுகிறார்கள், மனைக்கட்டாக்கிக் கல் நட்டுவிடுகிறார்கள்.

கல்லில் பழகிய கை மட்டும் எங்கேயும் போகவில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளை இந்தியா முழுக்கப் பார்க்கலாம், போர் போடுவதற்கு ராஜஸ்தான் வரைக்கும் போகிறார்கள். எங்கள் ஊர்ப் பாறையில் ஆயிரம் அடி இறக்கத் தெரிந்தவனுக்கு வேறெந்தப் பாறையும் கஷ்டமில்லை. இன்னொரு பக்கம் ஜல்லியும் எம்சாண்டும். க.பரமத்தி வட்டாரத்தில் கிரஷர்கள் கரடுகளையே தின்றுகொண்டிருக்கின்றன. என் உறவுக்காரர் வீட்டுக்கு அரை மைலில் ஒரு குவாரி. வெடி வைக்கும் நேரத்தில் அடுக்களைப் பாத்திரம் குலுங்குகிறது, தோட்டத்து முருங்கை இலை வருடம் முழுக்கச் சாம்பல் நிறம். தோண்டி முடித்த பாறைக்குழியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். திருப்பூர் பக்கம் அந்தக் குழிகளில் குப்பை கொட்டுகிறார்கள், நிலத்தடித் தண்ணீர் கெடுகிறது. ரத்தினம் எடுத்தவர்கள் காட்டைக் காடாகவே விட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த முறை இந்தப் பக்கம் வந்தால் ஐப்பசி மழை முடிந்ததும் வாருங்கள். சிவன்மலைப் படி ஏறுங்கள், நீங்கள் மிதிக்கிற கல் ஊர்ப் பாறை இல்லை. சையனைட் (syenite) என்ற தனி வகை, குருந்தக்கல் கலந்தது. ஹாலந்து என்ற புவியியலார் 1901இல் இந்த மலையின் பாறைகளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். மேலே மண்டபத்திலிருந்து வடக்கே பார்த்தால் நொய்யல் பள்ளம் தெரியும், அந்தத் திசையில்தான் கொடுமணல். வழியில் யார் காட்டுக்குள்ளாவது இறங்குவதாக இருந்தால் தோட்டத்தில் ஒரு குரல் கொடுத்து, கேட்டுவிட்டு இறங்குங்கள். "ஏனுங்க, கல்லுப் பாக்க வந்தீங்களா?" என்று அவர்களே கேட்டு, படலைத் திறந்துவிடுவார்கள். திரும்பும்போது மறக்காமல் படலைச் சாத்திவிடுங்கள், உள்ளே மாடு இருக்கும்.